அபுதாபி பெரிய பள்ளிவாசல்: நாற்பது நிமிஷம் போதுமா?

கேள்வி, 14 ஜனவரி 2024

ஏப்ரலில் அப்பாவோடு துபாய் வருகிறேன். அதில் ஒரு நாள் அபுதாபி. டூர் ஆள் ஷேக் சாயித் பள்ளிவாசலுக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது. 2007-ல் திறந்த கட்டடம், நேற்று கட்டியது மாதிரி. டெல்லி ஜும்மா மசூதியில் இருக்கிற பழமை இதில் ஏது? எண்ணெய்க் காசும் பளிங்கும்தானே? வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினால் போதாதா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

14 ஜனவரி 2024, இரவு 9.40

தம்பி, நாற்பது நிமிஷம் என்பது வண்டியை விட்டு இறங்கி உள்ளே போய்ச் சேரவே சரியாக இருக்கும். முன்பெல்லாம் நிறுத்தத்திலிருந்து நேராக நடந்து போய்விடலாம். இப்போது பூமிக்கு அடியில் ஒரு கடைத்தெரு, சூக் அல் ஜாமி. அங்கேதான் பதிவைக் காட்ட வேண்டும். அப்புறம் பை சோதனை, நீளமான சுரங்கப் பாதை, நகரும் தரை. மேலே ஏறிய பிறகுதான் அந்த வெள்ளைக் கட்டடமே கண்ணில் படும். அனுமதி இலவசம், ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

நான் 2010-லிருந்து அபுதாபியை ஒட்டிய முஸஃபாவில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் பள்ளிவாசலைக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். பதினைந்து தடவையாவது போயிருப்பேன். முதல் நாலைந்து தடவை எனக்கும் உங்கள் அபிப்பிராயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். வழிகாட்டி ஒப்பிக்கிற கணக்கு இது: கும்மட்டம் 82. தூண் ஆயிரத்துக்கு மேல். மினாரா நான்கு, ஒவ்வொன்றும் 100 மீட்டரைத் தாண்டும். 40,000 பேர் தொழலாம். நடுவில் தொங்கும் சரவிளக்கு 12 டன், ஜெர்மனியில் செய்தது. கம்பளம் ஈரானில் கையால் செய்தது, 35 டன், ஒரே துண்டு. கேட்டு முடித்ததும் கொட்டாவி வரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பௌர்ணமி பார்த்து ராத்திரியில் போங்கள். கட்டடம் முழுக்க நீல வெளிச்சம் இருக்கும். அதற்காகவாவது வரலாம்.

15 ஜனவரி, மதியம்

இங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது, சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

உடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு வேட்டி பரவாயில்லையா என்று. என் நண்பரின் மாமனார் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையில் வந்தார். காவலர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், விட்டுவிட்டார். மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி, அது கணுக்கால் வரை இறங்குகிற உடைதானே. அரைக்கால் சட்டையில்தான் நம் பையன்கள் மாட்டுவார்கள். பெண்களுக்குத் தலையில் துணி வேண்டும், கையும் காலும் மூடியிருக்க வேண்டும், இறுக்கமாக இருக்கக் கூடாது.

சேலை சிக்கல். 2014-ல் அம்மா வந்தபோது நூல் சேலை கட்டியிருந்தார். இடுப்பு தெரியும் என்பதால் மேலே கறுப்பு அங்கி போட வேண்டும் என்றார்கள். அப்போதெல்லாம் அங்கேயே இரவல் கொடுப்பார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். அம்மாவின் கொசுவம் அங்கிக்குள் ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. "கண்ணு, நெல்லு மூட்டைக்கு உறை போட்ட மாதிரி இருக்குதாடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அன்றைக்கு எடுத்த ஒரு போட்டோவிலும் சிரிக்கவில்லை.

15 ஜனவரி, இரவு

போட்டோ என்றதும் ஞாபகம் வந்தது. தோள்மேல் கை போட்டு, கட்டிப்பிடித்து, விரலில் வி காட்டி நிற்பதெல்லாம் அங்கே வேண்டாம். காவலர் வந்து மெதுவாகச் சொல்லுவார். 2013-ல் பாடகி ரிஹானாவையே, எடுத்த படங்களின் தோரணை சரியில்லை என்று கிளம்பச் சொன்னார்கள். நாம் எம்மாத்திரம்.

16 ஜனவரி, இரவு 11 மணி

பழமை இல்லை என்று சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் அம்மா கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பவானி. அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருஷம் ஜமுக்காளத் தறியில் உட்கார்ந்தவர். குழித்தறி. அகலமான ஜமுக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஜோடி. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் விரித்திருப்பதன் ஓரத்தைப் புரட்டிப் பார்க்காமல் அம்மா உட்கார மாட்டார்.

பள்ளிவாசல் பெரிய தொழுகைக் கூடத்துக்குள் நுழைந்தோம். எல்லாரும் தலையை அண்ணாந்து சரவிளக்கைப் பார்க்கிறார்கள், நானும்தான். அம்மா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னம்மா என்றேன்.

"வரி ஓடுது பாரு."

எனக்கு முதலில் தெரியவில்லை. பூவும் கொடியும்தான் தெரிந்தது. அம்மா கையை நீட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோடு இழுத்துக் காட்டினார். அப்புறம்தான் பிடிபட்டது. கம்பள முடியின் உயரத்தில் லேசான வித்தியாசம் வைத்துக் கத்தரித்திருக்கிறார்கள். சாயம் மாறவில்லை, பூ வேலை கெடவில்லை, ஆனால் வரிசை வரிசையாகக் கோடு ஓடுகிறது. தொழுகிறவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நேராக நிற்பதற்கு. நான் அதற்கு முன் ஏழெட்டுத் தடவை அதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

அப்புறம் அம்மா சொன்னது: "இது நெசவு இல்ல, முடிச்சு. ஒவ்வொண்ணா விரல்ல போட்டிருக்காங்க." மொத்தம் 226 கோடி முடிச்சுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். பரப்பு 5,600 சதுர மீட்டர் சொச்சம். நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் நாற்பது முடிச்சு. வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர், ஆளுக்குப் பத்தொன்பது லட்சம் முடிச்சு வருகிறது. ஈரானில் கொராசான் பக்கத்துக் கிராமத்துக் கைகள். அலி காலிகி என்பவர் வரைந்த வடிவம். எண்ணெய்க் காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிச்சுப் போடும் வித்தை 2007-ல் வந்ததில்லையே.

தூண்களும் அப்படித்தான். வெளி வளைவுகளில் நிற்கிற தூண்களில் பளிங்கைக் குடைந்து நிறக் கற்களைப் பூங்கொடியாகப் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகாலில் பார்த்திருப்பீர்கள், அதே தொழில். உச்சியில் பேரீச்சை ஓலை மாதிரிப் பொன் நிறத்தில் விரியும். பளிங்கு மாசிடோனியா, இத்தாலி, சீனா என்று பல இடத்துச் சரக்கு. நம் ராஜஸ்தான் மக்ரானாவும் உண்டு.

நாளை காலை ஆறரைக்கு வண்டி. தூங்கப் போகிறேன்.

17 ஜனவரி

மேலே ஒரு பிழை. "ஒரே துண்டு" என்று 14-ம் தேதி எழுதினேன் அல்லவா? நேற்று எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் அம்மா அன்றைக்குச் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. "இத்தனை அகலத்துக்குத் தறி ஏதுடா? ஒட்டுப் போட்டிருப்பாங்க." வழிகாட்டி ஒரே துண்டு என்கிறாரே என்று நான் அம்மாவை அடக்கிவிட்டேன். இன்று தேடிப் பார்த்தேன். ஒன்பது துண்டாகச் செய்து விமானத்தில் கொண்டுவந்து இங்கே வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அதான் அன்னைக்கே சொன்னனே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் என்று வைத்துவிட்டார்.

26 ஜனவரி

இன்னொரு பிழை, இது பெரிது. நேற்று தைப்பூசம், பௌர்ணமி. முஸஃபாவிலிருந்து பாலம் ஏறும்போது வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தேன். நீலம் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது, பாலில் முக்கி எடுத்த மாதிரி.

அதாவது நான் சொன்னது தலைகீழ். பௌர்ணமிக்கு வெள்ளை. தேய்பிறையில் நாளாக ஆக நீலம் ஏறும், அமாவாசைக்குக் கருநீலம், வளர்பிறையில் திரும்ப வெளுக்கும். சுற்றிலும் 22 விளக்குக் கோபுரங்கள் வைத்து மேகம் நகர்கிற மாதிரி வெளிச்சத்தைச் சுவரில் விழச் செய்கிறார்கள். பதினாலு வருஷம் இந்தச் சாலையில் போய் வருகிறவன், நீலம் என்றால் ஏதோ கலர் லைட் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் என் பேச்சைக் கேட்டு டிக்கெட் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

26 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

டிக்கெட் போட்ட ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். மன்னிக்கவும். வெள்ளையும் நன்றாகத்தான் இருக்கும்.

10 பிப்ரவரி

நேற்று தை அமாவாசை. வெள்ளிக்கிழமை என்பதால் இங்கே அரை நாள் வேலை (2022-லிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, வெள்ளி பாதி நாள்). சாயங்காலம் சரிபார்க்கவே போனேன். உள்ளே போகவில்லை. எதிர்ச் சாலையில் வாஹத் அல் கராமா என்று ஒரு நினைவிடம் இருக்கிறது, உயிர்விட்ட வீரர்களுக்காக 2016-ல் திறந்தது. 31 பெரிய பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். முன்னால் வட்டமாகத் தண்ணீர். பள்ளிவாசல் முழுசாக அதில் தலைகீழாக இறங்கும்.

இருட்டியதும் கருநீலம். நிச்சயமாகச் சொல்கிறேன், கண்ணால் பார்த்தேன். அங்கே கூட்டமும் கிடையாது. வெளியிலிருந்து ஒரு போட்டோ போதும் என்று கேட்டிருந்தீர்களே, அப்படியானால் இந்த இடத்துக்கு வாருங்கள். டூர் ஆள் காட்ட மாட்டார்.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. இவர்கள் மாதம் முழுக்கப் பிறைக் கணக்கு. சுவரைப் பார்த்தே இன்றைக்குப் பிறை எத்தனை என்று ஒரு மாதிரிச் சொல்லிவிடலாம். நாம் அமாவாசைக்குக் காலண்டர் புரட்டுகிறோம்.

18 பிப்ரவரி

மஸ்கட் பள்ளிவாசல்தான் அழகு என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். 2018-ல் அல் ஐன் வழியாகக் காரில் போனோம். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல், 2001-ல் திறந்தது. நாங்கள் போனபோது மற்ற மதத்தினருக்குக் காலை 8 முதல் 11 வரைதான், வெள்ளிக்கிழமை கிடையாது. பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்து ஓடி ஓடிப் பார்த்தோம். கட்டியிருப்பது இந்தியாவிலிருந்து போன மணற்கல், மூன்று லட்சம் டன். அபுதாபி வெள்ளை கண்ணைக் கூசும், மஸ்கட் கல்லின் நிறம் அப்படி உறுத்தாது. அதன் கம்பளமும் கொராசான் வேலைதான். 170 கோடி முடிச்சு, 21 டன், 600 பெண்கள், நான்கு வருஷம். இங்கே ஆள் அதிகம், அங்கே பொறுமை அதிகம் என்பது அம்மா கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு.

வெளியே வரும்போது ஒரு அறையில் காவாவும் (அரபுக் காப்பி) பேரீச்சம்பழமும் கொடுத்து உட்காரவைத்தார்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்கள். நான் கேட்டது கழிப்பறை எங்கே என்பதுதான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குத் துபாய் ஜுமைரா பள்ளிவாசல் நல்லது. சின்னது. வழிகாட்டி நம்மோடு உட்கார்ந்து பேசுவார்.

19 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற கீழக்கரை பாய் சொன்னார்: "அபுதாபி, மஸ்கட்டெல்லாம் எழுதுறீங்க, எங்க ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிக்கு வந்திருக்கீங்களா?" வந்ததில்லை. படம் காட்டினார். கல் தூண், போதிகை, மேல்தளம் எல்லாம் நம் கோயில் மண்டபம் மாதிரியே. உருவம் மட்டும் இல்லை, பூ வேலைதான். பவானியிலிருந்து அபுதாபிக்கு விமானம் ஏறி வந்தவன், கீழக்கரைக்கு பஸ் ஏறவில்லை.

2 மார்ச்

ஆமாம், அபுதாபி அபூ முரைகாவில் கட்டிய இந்துக் கோயில் நேற்றிலிருந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டும் பார்க்கலாமா என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். கோயில் துபாய் நெடுஞ்சாலைப் பக்கம், பள்ளிவாசல் நகரத்துக்குள் நுழைகிற பாலத்தடியில். கார் இருந்தால் முடியும். முதலில் கூட்டம் வடியட்டும்.

25 மார்ச்

இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். நேற்று நோன்பு பதினாலு. கீழக்கரை பாய் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கக் கூட்டிப் போனார். நான் நோன்பு இல்லையே என்றேன். பசிக்கும்ல, வாங்க என்றார்.

சுற்றுலா வழியில் போகவில்லை. பின்பக்கம் கூடாரங்கள் போட்டிருக்கிறார்கள். தொழிலாளர் முகாம்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வங்காளி, பட்டாணியர், நேபாளி, நம் ஆட்கள், ஆப்பிரிக்கர்கள். தரையில் நீள நீளமாகப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஆளுக்கொரு பெட்டி வைத்துத் தயாராக இருந்தது. யாரிடமும் நீ யார், என்ன மதம் என்று கேட்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் பாய், இன்னொரு பக்கம் பெஷாவர் ஆள் ஒருவர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. பெட்டியைத் திறந்தால் பிரியாணி, காய்கறி, பேரீச்சம்பழம், மோர், ஆப்பிள், தண்ணீர்.

யாரும் தொடவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் உணவை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. எனக்கு மதியம் சாப்பிட்டது செரிக்கவே இல்லை, இருந்தாலும் பசித்தது. ஆறரை சொச்சத்துக்கு நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி வெடித்தது, தூக்கிவாரிப் போட்டது. கூடவே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. பெஷாவர்க்காரர் தன் பெட்டியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் என் கையில் வைத்தார். என் பெட்டியிலும் அதே பழம் இருந்தது.

பாய் ஒரு குறைதான் சொன்னார்: நோன்புக் கஞ்சி இல்லை.

சாப்பிட்டு வெளியே வந்தால் நிலா முழுசுக்கு ஒரு மாற்றுக் குறைவு, சுவர் வெள்ளை. இந்தத் தடவை நான் கணித்தது சரி.

28 மார்ச்

இரண்டாம் யோசனை. கயிறு கட்டி வழிவிடுகிறார்கள், மந்தை மாதிரி ஓட்டுகிறார்கள் என்று இந்த இழையில் பாதிப் பேர் குறைப்படுகிறீர்கள். நானும் இதுவரை அதோடு ஒத்துப்போயிருந்தேன். முன்பு முற்றத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், வெயிலிலும் பளிங்கு சுடவில்லை. இப்போது ஓரமாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறுபக்கத்திலிருந்து பார்த்தபோது அந்தக் கயிறு வேறு மாதிரித் தெரிந்தது. சாப்பிட்ட ஆட்கள் வாய் துடைத்துக்கொண்டு நேராகத் தொழுகைக்கு நடந்தார்கள். காலையிலிருந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்த அதே கூடம். அம்மா காட்டின வரியில்தான் போய் நின்றிருப்பார்கள். நாளுக்கு ஐந்து முறை திரும்ப அவர்கள் கைக்குப் போகிற இடத்தில், இடைப்பட்ட நேரத்தில் நம்மை விடுகிறார்கள். அந்தக் கயிறு இல்லாவிட்டால் நாம் எங்கே போய் உட்காருவோம் என்று எனக்குத் தெரியும், நான் பல பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன்.

பள்ளிவாசல் வளாகத்திலேயே, அமீரகத்தின் முதல் அதிபரான ஷேக் சாயித்தின் அடக்கஸ்தலம் இருக்கிறது. 2004-ல் அவர் இறந்தபோது கட்டட வேலை முடியவில்லை. அங்கே குர்ஆன் ஓதுவது நிற்பதே இல்லை, ஆள் மாறி ஆள் உட்காருகிறார்கள். படம் எடுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள், காதில் விழும்.

17 ஏப்ரல்

மழை. நேற்று பெய்தது 75 வருஷப் பதிவில் இல்லாதது என்கிறார்கள். துபாய் விமான நிலையம் குளமாகிக் கிடக்கிறது. தம்பி, உங்கள் விமானம் தள்ளிப்போனால் பதறாதீர்கள். பள்ளிவாசல் எங்கும் போகாது.

28 ஏப்ரல்

நேற்று தம்பியையும் அவர் அப்பாவையும் கூட்டிப் போனேன். சாயங்காலம் ஐந்துக்கு உள்ளே. அப்பாவுக்கு முழங்கால் வலி, சுரங்கப் பாதையில் பேட்டரி வண்டியில் ஏற்றிவிட்டார்கள், குழந்தை மாதிரிச் சந்தோஷம். வேட்டிதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும் முன் அம்மா போனில் ஒரு வேலை கொடுத்திருந்தார், ஒட்டுத் தையல் எங்கே தெரிகிறது என்று பார்த்து வரச் சொல்லி. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பாதி நேரம் குனிந்தே நின்றேன். கம்பளத்தில் எதையாவது தவறவிட்டீர்களா என்று காவலர் கேட்டார். தையல் தெரியவில்லை. அப்பாவுக்கு வரி மட்டும் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரே இன்னும் மூன்று பேருக்கு, அதில் ஒருவர் சீனர், கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

பாங்கு கேட்டு, வெளியே வந்து, வாஹத் அல் கராமா தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தோம். பௌர்ணமி கழிந்து நாலு நாள், லேசாக நீலம் தொட ஆரம்பித்திருந்தது. எழுந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. நாற்பது நிமிஷத்தைப் பற்றித் தம்பி பேச்சே எடுக்கவில்லை. டூர் ஆளிடம் கொடுத்த முன்பணம்தான் இன்னும் திரும்பி வரவில்லையாம். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், எனக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.